சுவருக்குப் பாடியது

இந்தத் தை மாதத்தோடு எனக்கு எழுபத்தொன்று முடிகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. என் தங்கையும் தம்பியும் என் இடுப்பில் வளர்ந்தவர்கள்தான், அதனால் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். ஆறில் ஒன்றும் சோடை போகவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆறையும் ஒரு தாலாட்டுக்கூடப் பாடாமல் வளர்த்தேன். என் மாமியார் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள், கல்லுக்காரன் மகள் கல்லாகத்தான் இருப்பாள் என்று. சொல்லிவிட்டுப் போகட்டும். காரணம் ஒரு சுவர். அதைச் சொன்னால் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூத்த மகள் பள்ளிக்கூடம் போனபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கியதுதான். ஒற்று விட்டுப்போகும், கொம்பு இடம் மாறும். பேத்தி திருத்திக்கொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் என் சின்ன மகன் வீட்டுக்குள்ளேயே ஒரு சுவர் வைத்தான். அன்றைக்குக் கம்பெனி லீவு. ஹாலைத் தடுத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ரூம் வேண்டுமாம். ஆளைக் கூப்பிடவில்லை. செல்லைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டான். அதில் ஒருவன் இந்தியில் பேசிக்கொண்டே போக, இவன் போர்டை நிறுத்தி ஸ்க்ரூ முடுக்கினான். மூன்று தரம் கழற்றி மூன்று தரம் மாட்டினான். சாயங்காலம் பட்டி பூசி முடித்துவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தான். அதற்குள் தவழுகிற சின்னது போய், ஈரத்தில் ஐந்து விரலையும் பதித்துவிட்டது. மருமகள் கத்தினாள். “ஏம்மா, நீயாவது பாத்துக்கிட்டிருக்கக் கூடாதா?” என்றான் மகன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஊத்தங்கரைப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. இரண்டு வருஷம் மழை பொய்த்ததும் அப்பா கல்லுடைக்கிற வேலைக்கு ஓசூர்ப் பக்கம் வந்தார். நாங்களும் சட்டிபானையோடு பின்னாலேயே வந்தோம். குடியேறிய ஊரில் பாதிப் பேர் தெலுங்கு, மீதியில் பாதி கன்னடம். என்னைவிடப் பெரிய பிள்ளைகள் மூன்று பாஷையையும் சோற்றில் குழம்பு மாதிரிப் பிசைந்து பேசுவார்கள். எனக்குத் தமிழ் ஒன்றுதான். யார் என்ன சொன்னாலும் எனக்குத் தெரிந்த சொல் ஏதாவது அகப்படுகிறதா என்று பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவேன்.

வாடகை வீடு ஒரே நீளமான அறை. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. அடுப்பு வெளியே, வாசல் ஓரத்தில். எனக்குக் கீழே நாலு வயதுத் தங்கை, அவளுக்குக் கீழே அப்போதுதான் தவழத் தொடங்கிய தம்பி.

அப்பாவுக்கு இருமல் இருந்தது. கல்தூசி என்றார்கள். ஒருநாள் அம்மாவும் அப்பாவும் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தார்கள். அன்றிலிருந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. வேறொரு வினோதமும் தொடங்கியது. தம்பிக்கு அப்பா என்றால் உயிர். அவர் பாயைக் கண்டால் போதும், முட்டி தேயத் தேயத் தவழ்ந்து போவான். அவன் வருவதைப் பார்த்ததும் அப்பா எழுந்து பின்கதவு வழியாக வெளியே ஓடிவிடுவார். அவர் திரும்பி வந்து படுத்தால் இவன் மறுபடியும் கிளம்புவான். பாறையைப் பிளக்கிற ஆள், ஒரு முழக் குழந்தைக்குப் பயந்து ஓடுகிறாரே என்று நானும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்களுக்காகத்தான் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தோம். அம்மா சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா ஏரியிலிருந்து மண் சுமந்து வந்து வாசலில் கொட்டினாள். வீட்டுக்கு நடுவே குறுக்குச்சுவர் வைக்கப்போகிறாள்.

எதற்குச் சுவர் என்று கேட்காதவர்கள் இல்லை. வீட்டுக்காரர் வந்து கேட்டபோது, “கேவுரு மூட்ட போட்டு வெக்கத்தாங்க, எலித் தொல்ல” என்றாள். எங்கள் வீட்டில் ஒரு படி கேழ்வரகு இருந்தால் அது திருவிழா. நான் கேட்டபோது, “அப்பாவுக்கு இனிமே ராத்திரி வேல. பகல்ல தூங்கணும்” என்றாள். ராத்திரியும் அவர் வீட்டில்தான் இருந்தார். எதிர்வீட்டு அத்தை தெலுங்குக்காரி, உடைந்த தமிழில் பேசுவாள். அவள் கேட்டபோது, “அடுப்புப் பொகை கொழந்தைக்கு ஆவலக்கா” என்றாள். அடுப்போ வெளியே இருந்தது. ஒரே சுவருக்கு மூன்று காரணம், மூன்றும் பொய். இதில் எதை நம்புவது என்று தெரியாமல் நான் மூன்றையும் நம்பினேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் அப்பா இருமுவதை வெளியே சொல்லக்கூடாது. அந்த ஊரில் கடைசித் தெருவில் இருமல்காரர் இருந்த வீட்டுக் குடத்தைக் கிணற்றடியிலேயே போட்டு உடைத்து, குடும்பத்தோடு அனுப்பிவிட்டார்கள். “வாயத் தொறந்தே, நம்ம குடமும் ஒடையும்” என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். எங்களிடம் இருந்தது ஒரே குடம். அதனால் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

அம்மா அதற்குமுன் சுவர் வைத்தவள் இல்லை. தரை மெழுகுவாள், அவ்வளவுதான். முதல் சுவர் முழங்கால் உயரத்தில் வெடித்து விழுந்தது. இரண்டாவது, களி மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு ஊர்க்கோடியில் இடிந்து கிடந்த குட்டிச்சுவரிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து வந்து உடைத்துப் பார்த்தாள். உள்ளே கேழ்வரகுத் தாள் துண்டு துண்டாக இருந்தது. “அட சனியனே, இதுதானா சங்கதி” என்று அந்தக் கட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

தம்பியைப் பழைய சேலைத் துணியால் ஆட்டுக்கல்லில் கட்டிப்போட்டாள். நானும் தங்கையும் தாளைப் போட்டு மண் மிதித்தோம். அதைப் போல ஒரு விளையாட்டை நான் பிறகு விளையாடியதில்லை. தம்பி எட்டின மட்டும் மண்ணை எடுத்துத் தின்றான். அவன் வாயில் விரலைவிட்டுத் தோண்டுவது, கையைக் கழுவாமல் ஒரு வரிசை மண் வைப்பது, தங்கைக்கு மூக்குச் சிந்திவிடுவது, மறுபடி ஒரு வரிசை. அம்மாவின் வேலை இப்படித்தான் நடந்தது. ஒரு வரிசை காயாமல் அடுத்ததை வைக்கக்கூடாது. ஓசூர்ச் சாரலில் அது சீக்கிரம் காயவும் இல்லை.

அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கல்வேலைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

“செவுரு வவுத்தத் தள்ளிக்கிட்டு நிக்குது பாரு.”

“என் வவுறுந்தான் மூணு தரம் தள்ளிக்கிட்டு நின்னுது. விழுந்தா போச்சு?”

அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. சுவர் ஏற ஏற அப்பா எனக்குக் குறைந்துகொண்டே வந்தார். முதலில் கால் போயிற்று. பிறகு இடுப்பு. பிறகு எழுந்து நின்றால் தலை மட்டும். ஒருநாள் தலையும் போயிற்று. காற்றுக்காக மேலே ஒரு முழம் விட்டு, அம்மா நிறுத்தினாள். சுவரின் ஒரு மூலையில் தரையோடு ஒட்டிச் சின்னதாக ஒரு வழி மட்டும் இருந்தது. களியும் தண்ணீரும் அதன் வழியாகத்தான் போகும். தம்பி அதைக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு தரம் பாதி உடம்பு உள்ளே போனவனைக் காலைப் பிடித்து இழுத்தோம். அதனால், இனிமேல் களியைப் பின்கதவு வழியாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று, ஒருநாள் காலையில் அதையும் மண் வைத்து அடைத்துவிட்டு, அம்மா தண்ணீருக்குக் கிளம்பினாள். என்னைக் காவல் வைத்தாள்.

எதிர்வீட்டு அத்தை வாசலிலிருந்தே ஈரச் சுவரைக் காட்டி என்னிடம் சொன்னாள்: “பாப்பா, கோட பாடு சேயொத்தும்மா!”

கோட என்றால் சுவர் என்று அதற்குள் தெரிந்திருந்தது. பாடு எனக்குத் தெரிந்த சொல். சுவருக்குப் பாடச் சொல்கிறாள்! தெலுங்கில் அது கெடுப்பது என்றும், சுவரைக் கெடுத்துவிடாதே என்றுதான் அவள் சொன்னாள் என்றும், எனக்குப் பதினைந்து வயதானபோது ஒருத்தி கிணற்றடியில் பால் பாடாகிவிட்டது என்று புலம்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு, இந்த ஊரில் சுவர் காயப் பாடவேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்கு ஒரு வழக்கம். அம்மாவைக் கேட்டேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “பாடு, பாடு. நிறுத்தாத” என்று சொல்லிப் போனாள்.

எனக்குப் பாட்டு ஏது? நானே கட்டினேன்.

மண்ணே மண்ணே காஞ்சுக்கோ
மாமன் வீட்டுக் களி தின்னுக்கோ

பத்துத் தரம் பாடியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிங் என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு டிங். அப்பா உளியால் தரைக்கல்லைத் தட்டுகிறார், என் பாட்டுக்குச் சரியாக! நான் எழுந்து நின்று பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். அப்படி மூடியதுதான் தப்பு. தம்பி எப்படியோ முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்து, வழக்கமான மூலையில் முட்டிவிட்டான். ஈரமண் அப்படியே உள்ளே போய், அவன் தலை அந்தப் பக்கம் நின்றது.

உளிச் சத்தம் நின்றது.

“இழு அவன! இழுடி!” என்று அப்பா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. காலைப் பிடித்து இழுத்து, மண்ணும் அழுகையுமாக அவனைத் தூக்கித் தள்ளி வைத்தேன். பிறகு நான் குனிந்து அந்த ஓட்டையில் முகத்தை வைத்தேன். எத்தனை நாளாயிற்று அவரைப் பார்த்து! அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, முதுகைக் காட்டி அந்தப் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

“அப்பா, நான் நல்லாப் பாடலியா?”

“போ!” என்றார். திரும்பவே இல்லை. “மூஞ்சிய எடு! போ அந்தாண்ட!”

தம்பியின் அழுகை கேட்டு எதிர்வீட்டு அத்தை ஓடி வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள். “ஏமி பாப்பா, கோட பாடு சேசினாவா?”

“ஆமா அத்தே,” என்று நான் தேம்பினேன். “எவ்ளோ நேரமாப் பாடினேன். அப்பாவுக்குப் புடிக்கல.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் பார்த்தது எனக்கும் தெரியும்: அப்பாவின் முதுகு, அவருடைய தனித் தட்டு, மருந்துப் புட்டி, துப்புவதற்குச் சாம்பல் போட்டு வைத்த கொட்டாங்குச்சி. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இருமல் வந்தது. அடக்கினார், முடியவில்லை. எங்கள் குடம் உடைகிற சத்தம் எனக்கு அப்போதே கேட்டது.

அத்தை எழுந்தாள். தம்பியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனவள், வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு கையிலும் மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். ஓட்டையை அடைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி வழித்தாள்.

அம்மா குடத்தோடு வந்து நின்றது அப்போதுதான். சுவரைப் பார்த்தாள், அத்தையின் மண் கையைப் பார்த்தாள்.

“அக்கா... அது... பொகைக்குத்தான் அக்கா...”

அத்தை கையை உதறிக்கொண்டே சொன்னாள்: “அவுனும்மா. பொகைதான். புள்ளைங்களுக்கு ஆகாது.”

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பு வெளியே இருக்கிறது, அன்றைக்கு அதைப் பற்றவைக்கவும் இல்லை. இல்லாத புகைக்கு ஒருத்தி ஆமாம் என்கிறாள், ஒருத்தி அழுகிறாள். பெரியவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அத்தையே தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து வைத்தாள். அம்மாவின் குடம் கிணற்றடிக்குப் போகவேயில்லை, உடையவும் இல்லை.

அப்பா ஒன்றரை வருஷம் அந்தப் பக்கம் இருந்தார். ஆஸ்பத்திரி மருந்தும் ஊசியும் அவரைக் காப்பாற்றின. அதுவரை அம்மா கூலிக்குப் போனாள், தங்கையும் தம்பியும் என் இடுப்புக்கு வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவ்வப்போது டிங் என்று ஒரு தட்டு கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நான் பாடவில்லை. போ என்றவர் எதற்காகத் தட்டுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தம்பியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விடுவேன்.

என் மூத்தவள் பிறந்தபோது அப்பா தொட்டில் பார்க்க வந்தார். “நீ பாடுவியே கண்ணு, பாடேன்” என்றார். “எனக்கு வராதுப்பா” என்றேன். அவர் தொட்டில் கம்பில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டு. நான் பாலைக் காய்ச்சப் போய்விட்டேன்.

பேத்தி, புத்தகத்தை மூடிவிட்டு இங்கே வா. இதை எனக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டு. பிழையெல்லாம் உன் இஷ்டப்படி திருத்திக்கொள். அப்பா “போ” என்று சொல்கிற இடம் வரும். அதை மட்டும் மெதுவாக வாசி. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.