பின்காணிக்குப் பாதை தந்த பரமேஸ்வரியக்கா

ஆண்டவரில் அன்புள்ளவர்களே, போன ஆண்டு தவக்காலம் தொடங்கிய கிழமைதான் எங்கள் காணியைப் பிரிக்க அனுமதி இல்லை என்று மாநகர சபையில் சொன்னார்கள். பஸ் ஏறிக் கொழும்புத்துறைக்குத் திரும்பினேன். என் தங்கை ஜெசிந்தாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதே வழி முழுதும் நினைவாக இருந்தது.

என் பெயர் றெஜினா. எங்கள் இருவருக்கும் பொதுவாக அம்மா எழுதிவைத்த காணி அது. முன்பக்கத்தில் என் வீடு. பின்பக்கம் வெறும் நிலம். ஜெசிந்தா வாடகை வீட்டில் இருந்தாள். அவள் கணவர் சகாயம் போரில் ஒரு காலை இழந்தவர். கிழிந்த வலை பொத்திக் கொடுத்துக் குடும்பத்தைப் பார்க்கிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து திரும்புவதால் வீட்டை விடச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுத்திட்டத்தில் சொந்த நிலத்தில் கட்ட அவர்களுக்கு ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. ஆனால் காணி பிரிக்கப்பட்டு அவள் பேரில் உறுதிப்பத்திரம் இருக்க வேண்டும். ஆண்டு முடிவதற்குள் உறுதி காட்டாவிட்டால் வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

பாதைதான் தடையாக நின்றது. பின்காணிக்குப் போகப் பத்தடி அகலம் வேண்டுமாம். என் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வளவு வேலிக்கும் நடுவில் ஏழடிதான் இருந்தது. சுவரை இடிக்கலாமா என்று கேட்டோம். கூரையே அதில்தான் நிற்கிறது என்றார் மேசன். விதிவிலக்குக் கேட்டுச் சபையின் திட்டமிடல் குழுவுக்கு விண்ணப்பித்தோம். இடம் பார்க்க வந்த உத்தியோகத்தர் தன்மையான பிள்ளை. அளந்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“அக்கா, நாளைக்கு ஒரு அந்தரம் எண்டால் அம்புலன்ஸ் உள்ளை வராது. அரையடி குறைஞ்சால் குழுவிலை கதைச்சுப் பாக்கலாம். மூண்டடிக்கு ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லமாட்டினம்.”

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நின்றேன். அந்தக் குழுவின் மனதை இளக்கும் என்றே மன்றாடினேன். ஒன்றும் அசையவில்லை. ஜெசிந்தா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தான் எங்காவது கொட்டில் போட்டு இருப்பதாகச் சகாயம் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குச் செபம்கூட வரவில்லை. “ஆண்டவரே, என்ன கேக்கிறதெண்டே தெரியேல்லை. நீரே பாரும்” என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

அந்தக் கிழமையே பக்கத்து வளவில் வேலியைப் பிரித்து மதில் கட்ட ஆட்கள் வந்தார்கள். அது பரமேஸ்வரியக்காவின் வளவு. கணவர் இறந்தபின் கரவெட்டியிலிருந்து வந்து தனியே இருப்பவர். மகன் கனடாவில். மதில் எழும்பினால் எங்கள் பாதை என்றைக்கும் ஏழடிதான். ஆனாலும் நான் போய்க் கேட்கவில்லை. வேலியை ஒரு விரல் அளவு தள்ளிப் போட்டாலே வழக்குக்குப் போகும் ஊர் இது. நிலத்துண்டு கேட்டு எந்த முகத்தோடு போவது?

அவரே வந்தார். ஏன் அடிக்கடி அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்று விசாரித்தார். சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் மதிலுக்கு அளவாக மேசன் கட்டியிருந்த நூலைப் பார்த்தார்.

“கரவெட்டியிலை இருக்கேக்கை இவருக்கு நெஞ்சுவலி வந்தது, பிள்ளை. எங்கடை ஒழுங்கைக்குள்ளை வாகனம் வரேல்லை. கதிரையிலை வைச்சுத்தான் றோட்டுக்குத் தூக்கினது. றோட்டுக்குப் போகமுன்னம் முடிஞ்சுது.”

பிறகு மேசனைக் கூப்பிட்டு நூலை அவிழ்க்கச் சொன்னார். அவர் பக்கம் இரண்டரையடிக்கு அப்பால் கிணற்றுக்கட்டு தொடங்குகிறது. அதுவரைக்கும் தந்தார். அந்த இடத்தில் ஊறுகாய்க்குக் காய்த்து நின்ற தேசிமரத்தையும் தறிக்க விட்டார். மகன் தொலைபேசியில் சண்டை பிடித்தது எங்கள் வீடுவரை கேட்டது. இவர் ஆறுதலாகச் சொன்னார்: “ஓம் தம்பி, எனக்கு விசர்தான். ஆனால் காணி என்ரை பேரிலை கிடக்கு.”

அப்படியும் பத்தடிக்கு அரையடி குறைவுதான். குழு கூடிய அன்று நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே பரமேஸ்வரியக்கா குடையோடு அங்கே இருந்தார். யாராவது வற்புறுத்தினார்களா என்று தலைவர் அவரிடம் கேட்டார்.

“என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சிலவேளை மாட்டன் எண்டிருப்பன். நானாத்தான் குடுக்கிறன்.”

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாதையில் எந்நாளும் ஒன்றும் கட்டக்கூடாது, படலை போடக்கூடாது என்ற நிபந்தனையோடு அரையடியை விட்டுக்கொடுத்தார்கள். ஜெசிந்தா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். 

உறுதி நேரத்துக்கு முடிந்தது. வீடும் எழும்பியது. குடிபூரல் அன்று சகாயம் வந்த ஆட்டோ நேரே வாசலில் போய் நின்றது. பங்குச் சுவாமி வீட்டை ஆசீர்வதித்தார். பால் காய்ச்சியது பரமேஸ்வரியக்கா. இதற்கு என்ன கைம்மாறு செய்வோம் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குத் துணைக்கு ஒராள் வந்தால் போதும் என்றார். இப்போது ஜெசிந்தாதான் கூட்டிக்கொண்டு போகிறாள்.

இப்படி ஒரு மனம் உள்ள மனுசிக்குப் பக்கத்தில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வியப்புத்தான். நான் குழுவின் மனதை மாற்றச் சொல்லிக் கேட்டேன். கடவுளோ வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவரை வைத்திருந்தார். இப்போதெல்லாம் என் செபம் சின்னது. கவலையைச் சொல்வேன், வழியை அவரிடம் விட்டுவிடுவேன்.

உங்களில் யாருக்காவது இன்று எல்லாப் பக்கமும் அடைத்ததுபோல் இருக்கலாம். மனம் விடாதீர்கள். அவரிடம் சொல்லுங்கள். சொல்ல வார்த்தை வராவிட்டால் சும்மா போய் அவர்முன் இருங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.