நான்கு துணிப்பந்துகள்

வறுத்த சோயாப் பயறைத் தோமி முறத்தில் கொட்டி ஆறவைத்தாள். நாளை வசந்தம் பிறக்கிறது. இன்று வீட்டுக்கு வீடு பேயை விரட்டச் சோயா வீசுவார்கள்; பிறகு அவரவர் வயது எத்தனையோ அத்தனையை எண்ணித் தின்பார்கள். வறுப்பதும் எண்ணிக் கொடுப்பதும் தோமிதான். அவள் மட்டும் ஒன்றுகூட வாயில் போடமாட்டாள். கேட்டால் பல் சரியில்லை என்பாள். நாற்பத்து மூன்று வயதில் ஒரு பல்கூட ஆடவில்லை.

டோக்கியோவை ஒட்டிய கவாகுச்சியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினாறு வருஷமாக வேலை. எந்தப் பிள்ளைக்கும் அரைக் கரண்டி ஊற்றி அனுப்பியதில்லை. வரிசையில் கடைசியில் நிற்பவர்களுக்குப் போதாமல் போய், திட்டு வாங்குவதும் அவள்தான்.

மதியம் அக்கா ஹிஸாயே வந்து கணப்பருகில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது மூத்தவள். போன வருஷம் அவள் எழுதிய நாவல் வந்தது. பெயர்களை மாற்றியிருந்தாலும் யார் யாரென்று தெருவுக்கே தெரியும்.

போரின்போது டோக்கியோவில் குண்டு விழும் என்று பள்ளிப் பிள்ளைகளை, இவர்கள் இருவரையும் சேர்த்து, மலைக்கோயில் ஒன்றுக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்து தின்பண்டம் வரக்கூடாது, விளையாட்டுச் சாமான் வரலாம். அம்மா, தூக்கிப்போட்டுப் பிடிக்கும் துணிப்பந்துகளுக்குள் வறுத்த சோயாவை வைத்துத் தைத்து, ஆளுக்கு நான்கு அனுப்பினாள். அடுத்த மாதமே தீக்குண்டில் அம்மா போய்விட்டாள். நாவலில், தங்கையின் பந்துகளைப் பிரித்துத் தின்றுவிட்டுக் கூழாங்கல் வைத்துத் தைப்பவள் அக்கா.

உண்மையில் தின்றவள் தங்கை. தன் பங்கை இரண்டே நாளில் முடித்துவிட்டு, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டு, மற்றவர்கள் விறகு பொறுக்கப் போன நேரத்தில் அக்காவின் பங்கையும் தின்று, கூழாங்கல் வைத்துத் தைத்தாள். இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை. இப்போது அக்காவே பழியை ஏற்றுக்கொண்ட பிறகு, சும்மா இருக்கவும் முடியவில்லை.

“எதிர்வீட்டு ஓகுரா அம்மா எனக்கு ஊறுகாய் குடுத்தனுப்பினாங்க. பாவம், சின்ன வயசுல எவ்வளவு பட்டினி கிடந்தியோன்னு.”

“அதான் வாசல்ல என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களா? எனக்குத் திருடிப் பட்டம், உனக்கு ஊறுகாய். நல்லா இருக்குடி!” ஹிஸாயே சிரித்தாள்.

“தொண்டையில இறங்கல, அக்கா.”

“தண்ணியைக் குடிச்சு முழுங்கு. எனக்கு நாற்பத்தாறு எண்ணு. ஒண்ணு குறைஞ்சாலும் வாங்கமாட்டேன்.”

தோமி எண்ணத் தொடங்கினாள். அக்கா அவளுடைய மேலங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “என்னடி தையல் இது, எலி கடிச்ச மாதிரி? அப்போலருந்து மாறவே இல்லை நீ.”

பத்தொன்பதில் தோமியின் விரல் நின்றது.

“அப்போலருந்துன்னா?”

அக்கா மேலங்கியை விட்டுவிட்டாள்.

“கல்லு வச்ச பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடினியே. என் பந்துதான் உசரமாப் போகுதுன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டியே. அப்பவே தெரியுமா உனக்கு?” தோமியின் குரல் உடைந்தது. “அம்மா கையால வந்த கடைசித் தீனி அக்கா அது. உனக்கு ஒண்ணுகூட வைக்கல நான். ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கல?”

தெருவில் பிள்ளைகள் பேயை விரட்டிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். தோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியை எண்ணி முடித்து, கிண்ணத்தை நீட்டினாள். அக்கா அதை வாங்கினாள். தங்கையின் முழங்காலருகே வைத்தாள். வீசுவதற்கென்று சோயா நிரப்பியிருந்த மரப்படியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.