மேல் கடைவாய்ப் பல்

அந்தத் தீபாவளி என்றாலே எனக்குக் கிராம்பு எண்ணெய் வாசனைதான். பட்டாசுப் புகையும் அதிரசமும் பிறகுதான். நான் அப்போது எட்டாம் வகுப்பு. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடிப்படிக்கு அடியில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த என் அப்பா (எங்களுக்கு ‘நைனா’), மேல் கடைவாய்ப் பல்லில் எண்ணெய் தோய்த்த பஞ்சை அடக்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு அந்த சீசன் முழுவதும் மெஷினை மிதித்தார். அளவு ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்களிடம், வாய் நாற்றம் தெரியாமலிருக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசுவார். சிலர் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஈறில் சீழ் வைத்துப் பல் ஆடத் தொடங்கியிருந்தது. பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அது மேல் பல்லாயிற்றே! பக்கத்து மெஷின்காரர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், ஒரே போடாகப் போட்டார்: “கீழ்ப் பல்லுன்னா புடுங்கிக்கப்பா. மேல் பல்லுல கை வச்சே, கண்ணு பூடும். நரம்பு நேரா கண்ணுக்குப் போய்க்கினு கீது.”

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் சாயங்கால வெளிச்சத்திலும் ஹெம்மிங் போடுகிற ஆள் நைனா. அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அவர் பயந்ததைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கோபம் வருகிறது, இப்போதும்.

அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு. மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லையே என்று பார்த்த டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். “இந்தச் சீழை வாயில வெச்சுக்கிட்டு இருந்தா சர்க்கரை எப்படிங்க இறங்கும்? முதல்ல பல்லைப் பாருங்க. விட்டா கண்ணு, கிட்னி, காலுன்னு ஒவ்வொண்ணா கெடுத்துடும்” என்றார். வெளியே வந்ததும் நைனா சிரித்தார்.

“பல்லுக்கும் சக்கரைக்கும் இன்னா சம்மந்தம்? சும்மா அடிச்சி வுடறாரு.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “கண்ணுக்கு மட்டும் சம்மந்தம் கீதா? எவன் எவனோ சொன்னா வேதம், படிச்சவரு சொன்னா உனுக்கு இளக்காரம்!”

பல்லுக்கும் உடம்புக்கும் தொடர்பு உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பல்லிலிருந்து கண்ணுக்கு வழி இருக்கிறது என்று நம்பினோம், அதுவும் உண்மைதான். எந்த வழி என்பதில்தான் கோட்டை விட்டோம்.

பல் அங்கேயே இருந்தது. சர்க்கரையும் இறங்கவில்லை. சில தீபாவளிகள் கழித்து, ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். வயசாகிவிட்டது என்று சொல்லிக் கண்ணாடியை மாற்றினார். விழித்திரையில் ரத்தம் கசிகிறது என்று கண் ஆஸ்பத்திரியில் சொன்னபோது ஒரு கண் போயிருந்தது. பல் ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை; சர்க்கரை அடங்காமல் போனதில் அதற்கும் பங்கு உண்டு என்றார்கள். அந்தப் பல்லோ, ஒருநாள் இட்லி சாப்பிடும்போது தானாகவே விழுந்தது.

மாடிப்படிக்கு அடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நைனா பெருங்குடியில் என்னோடு இருக்கிறார். இன்னொரு கண்ணும் மங்கிவிட்டது; ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் வெளிச்சத்தை வைத்துத் தெரியும்.

போன மாதம் எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். என் பேச்சு குழறுவதைக் கேட்டு, கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“மேல் பல்லா?”

“ஆமா நைனா.”

“கண்ணு தெரியுதா பாப்பா?”

“தெரியுது.”

“நல்லாத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுது நைனா.”

கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு, “அப்ப நானும் புடுங்கிக்கினு இருந்திருக்கலாம்” என்றார்.