சத்தம் நின்ற பிறகும் சிரித்தவர்

கொளஞ்சியம்மாளின் வேலை தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் இடக்கை விரல்நுனிகளில் நிறுத்தி, வலக்கையில் இருக்கும் குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு. ‘ணங்’ என்றால் நல்லது, கூடைக்குப் போகும். ‘தொக்’ என்றால் உள்ளே விரிசல், பின்னால் இருக்கும் குவியலுக்குப் போகும். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு கோப்பை. அவர் நல்லது என்று அனுப்பியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பார்கள்.

அவருக்குக் காது கேட்காது என்பது 1969 வரை எங்கள் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது.

நான் விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் பட்டறையில் தட்டச்சராகச் சேர்ந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. மாதச் சம்பளச் சீட்டில் அவர் பெயரை அடித்திருக்கிறேன். நல்லூர்ப் பக்கம் மானாவாரி நிலத்துக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் மாயவன் வேப்பூரில் லாரிக்கு மூட்டை ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருந்தார். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

பட்டறைக்கு வந்த புதிதில் ஆறு வருடம் அவரைக் கல் அரைக்கும் உருளைக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். இரும்பு உருளைக்குள் கூழாங்கல்லும் வெள்ளைக்கல்லும் புரளும் இடம். அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை, கையை ஆட்டுவார்கள், உதட்டைப் பார்ப்பார்கள். அங்கிருந்துதான் தட்டிப் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். நாம் பேசும்போது அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்வதைச் சில சமயம் மறுபடி கேட்பார். என் குரல் பக்கத்து நாற்காலிக்கே எட்டாது என்று எல்லோரும் கேலி செய்ததால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் பட்டறைக்கு ஒரு படம் வந்தது. மேலாளர் சக்கரபாணி, இங்கிலாந்தில் கோப்பை செய்யும் முறையைத் தொழிலாளர்களுக்குக் காட்ட விரும்பி, சென்னைக்கு எழுதிப் பட்டியல் வாங்கியிருந்தார். அதில் ஒரு படத்தின் பெயரில் ‘தேநீர்க் கோப்பைகள்’ என்று இருந்தது. அதற்கு நேராக ஒரு டிக் போட்டு அனுப்பிவிட்டார். வந்தது ஒரு பழைய ஆங்கில நகைச்சுவைப் படம். நாவலிலிருந்து எடுத்தது. அந்த நாவலைக் கல்லூரி நூலகத்தில் நான் படித்திருந்தேன். ஒரு பெரிய வீட்டில் நடக்கும் கல்யாண விருந்துதான் கதை. படிக்கும்போது ஓரிடத்தில்கூட எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வரவில்லை. புன்னகைக்கிற மாதிரியான புத்தகம் அது.

“படிச்சிருக்கியாம்மா? அப்ப நீயே கதையச் சொல்லிடு” என்றார் சக்கரபாணி. திருப்பி அனுப்ப அவருக்கு மனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கோப்பை காயவைக்கும் கொட்டகையில் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, வேட்டியைத் திரையாக்கினார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடத்திலேயே வேலைக்காரன் ஒருவன் தட்டோடு வழுக்கி விழுந்து ஒரு முழு செட்டையும் உடைத்தான். எந்த ஊரிலும் சிரிப்பார்கள். எங்கள் கொட்டகை ‘அய்யோ’ என்றது.

“அடப்பாவி, பூப்போட்ட சரக்குடா அது!” என்று எழுந்தே விட்டார் சூளைக்காரர் தனக்கோடி. “ஒடையிற சத்தத்தக் கேளு. நம்மது இப்பிடி ஒடையுமா?”

“ஒக்காருண்ணே, உன் தலைதான் தெரியுது” என்றாள் கொளஞ்சியம்மாளுக்குப் பக்கத்தில் இருந்த வீராயி.

அதன்பிறகு ஒன்று நடந்தது. நான் ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அந்த வேடிக்கை தாண்டிப் போய்விடும். ஆனால் கொளஞ்சியம்மாள் சரியான இடத்தில் சிரித்தார். திரையில் ஒருவர் வாயைத் திறக்கும்போதே, அது பொய் என்று தெரிந்தவர் போலச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அவர் சிரித்தால் எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏண்டி கொளஞ்சி, இங்கிலீசு எப்படீ கத்துக்கின? இந்தப் பாப்பா சொல்றதுக்கு முன்னாலயே சிரிக்கிற!” என்று வீராயி அவர் தொடையில் தட்டினாள்.

படத்தில் ஒரு கிழவி வந்தாள். காதில் ஒரு கொம்பை வைத்துக்கொண்டு, எதைக் கேட்டாலும் வேறெதையோ பதிலாகச் சொன்னாள். “இவங்களுக்குக் காது கேக்காது. கேக்கிறதுக்குத்தான் அந்தக் கொம்பு” என்று சொன்னேன். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. கொளஞ்சியம்மாளும்தான்.

அப்போது சத்தம் நின்றது. படம் ஓடுகிறது, குரல் இல்லை. “சவுண்டு! சவுண்டு வுடுய்யா!” என்று அத்தனை பேரும் படம் ஓட்டுபவர் இருந்த பின்பக்கம் திரும்பினார்கள். விசில். கத்தல். ஒரே ஒருவர் மட்டும் திரும்பவில்லை. அவர் திரையைப் பார்த்து, கிழவியைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். கத்தல் மெல்ல அடங்கியது. அந்தச் சிரிப்பு மட்டும் மிஞ்சியது.

“கொளஞ்சியம்மா” என்றார் பின்னாலிருந்து சக்கரபாணி. மறுபடி, உரக்க, “கொளஞ்சியம்மா!”

வீராயி தோளைத் தொட்டதும்தான் அவர் திரும்பினார். எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தார். தன் காது விஷயம் வெளியாகிவிட்டது என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை சக்கரபாணி சொல்லச் சொல்ல ஓர் உத்தரவை அடித்தேன். கொளஞ்சியம்மாளை மண் சுமக்கும் வேலைக்கு மாற்றும் உத்தரவு. சம்பளம் பாதி. சக்கரபாணி இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. அறைக்கு வெளியே கொளஞ்சியம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார்.

“அந்த உருளைதான் பாப்பா காதத் தின்னுட்டுது. சொன்னா வேலை போயிடுமேன்னு சொல்லல.” பிறகு கேட்டார்: “அந்தக் கெழவி எதுக்குக் கொம்பக் காதுல வெச்சிக்கினு இருந்தா?”

நான் சொன்ன விளக்கம் அவருக்குக் கேட்டிருக்கவில்லை. இப்போது முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். புத்தகத்தில் அந்தக் கிழவிக்கு ஒரு முழு அத்தியாயம் இருப்பதையும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முகத்தையும் பார்த்து, யார் யாரிடம் பொய் சொல்கிறார்கள் என்று அவள் ஒருத்தி மட்டும் தெரிந்துகொள்வாள். படத்தில் அதை விட்டுவிட்டார்கள்.

கொளஞ்சியம்மாள் கேட்டார்: “அவ என்னா வேலை பாத்தா?”

“வேலை எதுவும் இல்லக்கா. பெரிய வூட்டுக்காரங்க.”

“அப்ப சரி. கொம்ப எல்லாருக்கும் தெரிய வெச்சிக்கலாம்.”

கொளஞ்சியம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். சக்கரபாணி கெட்டவர் அல்ல, பயந்தவர். “மேலேருந்து வந்து கேட்டா நான் என்னாம்மா சொல்றது? காது கேக்காதவங்களத்தான் சத்தம் பாக்க வெச்சிருக்கேன்னு சொல்லட்டுமா?”

பாதி உதட்டிலிருந்தும் பாதி முகத்திலிருந்தும் கொளஞ்சியம்மாள் அதைப் படித்தார். “வெரல்ல அதிருது சார். நல்லதுன்னா நடுங்கிக்கினே இருக்கும். கெட்டதுன்னா டக்குனு செத்துடும். வெச்சிப் பாருங்க.”

நாற்பது கோப்பைகள் வந்தன. தனக்கோடி வேறு அறையில் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, விரிசல் உள்ள நான்கை ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தார். கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தார். குச்சி படும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஒதுக்கியது ஆறு. தனக்கோடி குறித்த நான்கும் அதில் இருந்தன.

மீதி இரண்டையும் சக்கரபாணி தானே தட்டினார். இரண்டும் ‘ணங்’.

“இது நல்லாத்தான இருக்குது?”

கொளஞ்சியம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டையும் சிவப்பு மையில் ஊறப்போட்டார்கள். விரிசல் இருந்தால் மை உள்ளே இறங்கிக் கோடு தெரியும். சாப்பாட்டு மணிக்குப் பிறகு எடுத்துத் துடைத்தபோது, ஒன்றில் கைப்பிடிக்குக் கீழே மயிரிழை போல ஒரு சிவப்பு. மற்றதில் ஒன்றுமில்லை.

“ஒண்ணு தப்பு” என்றார் சக்கரபாணி.

“வெரல்ல வந்ததச் சொன்னேன் சார். மை தெரியலன்னா நல்லதுல போட்டுக்குங்க. நான் போடமாட்டேன்.”

சக்கரபாணி அந்தக் கோப்பையை இரண்டு பக்கத்திலும் வைக்கவில்லை. உத்தரவுத் தாளை மடித்தார். கிழிக்காமல் இழுப்பறையில் போட்டார். “போய் வேலையப் பாரும்மா” என்றார். பக்கத்து மேசையில் காது கேட்கும் ஒரு பெண்ணும் உட்கார்ந்து, கொளஞ்சியம்மாள் அனுப்புவதை இன்னொருமுறை தட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

ஆனால் மறுநாளிலிருந்து எல்லோரும் அவரிடம் கத்தத் தொடங்கினார்கள். “டீ குடிச்சியாஆ?” என்று வீராயி காதருகே போய் அலறினாள். மூன்றாவது நாள் கொளஞ்சியம்மாள் குச்சியைக் கீழே வைத்தார்.

“இத்தினி வருசம் பேசனீங்க. இப்ப எதுக்குக் கத்துறீங்க? என் காது அன்னிக்கும் இதேதான். மூஞ்சிய இந்தப் பக்கம் காட்டிப் பேசுங்க, போதும்.”

அதன்பிறகு தனக்கோடி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் அவரிடம் பேச வேண்டியிருந்தது. 1976இல் கொளஞ்சியம்மாள் வேலையிலிருந்து நிற்கும்வரை, எப்போதும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே உத்தரவு போடும் சக்கரபாணி, அவர் மேசைக்கு வந்தால் மட்டும் தலையை நிமிர்த்திப் பேசினார்.

“மேனேஜருக்கு ரெண்டு கண்ணு இருக்குதுன்னே எங்களுக்கு இப்பதான் தெரியுது” என்றாள் வீராயி, முதல் தடவை அதைப் பார்த்தபோது, சக்கரபாணிக்குக் கேட்கும்படியே.