நின்ற பிறகு வரச் சொன்னேன்

"இந்தப் புளிச்ச தண்ணியத் தொட்டு வச்சா உள்ள இருக்க நோவு தெரிஞ்சிருமாக்கும்? நல்லாருக்குட்டி ஒன் படிப்பு!"

அத்தை இதைச் சொன்னது குளத்துக்குள், நூறு நாள் வேலைக்கு வந்திருந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால். எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கும், அப்பாவின் அக்காவான இந்த அத்தைக்கும் அதுவும் வராது. நான் நர்சிங் முடித்து, சங்கரன்கோவிலில் அறை எடுத்துத் தங்கி, அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சிரிப்பைத் தாங்கும் பக்குவம் வந்திருக்கவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். தை மாதம் எங்கள் ஊரிலேயே முகாம். அதற்கு ஆள் சேர்க்கத்தான் குளத்துக்குப் போயிருந்தேன். அத்தை கையில் வாங்கி முகர்ந்து பார்த்தது நீர்த்த அசெட்டிக் அமிலம். அதைப் பஞ்சால் கருப்பையின் வாயில் ஒற்றி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மேலும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே அது வரப்போகிற இடத்தைப் பிடித்துவிடலாம். இதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னேன்.

"கல்யாணம் ஆவாத பிள்ள நீ. அங்கனயெல்லாம் பாக்க ஒனக்கு என்னட்டி தெரியும்?" என்றாள் ஒருத்தி.

மறுபடி சிரிப்பு. இந்த முறை அத்தை சிரிக்கவில்லை. "ஏ, சும்மா கெடங்கட்டி. எந்தம்பி மவ சர்க்காரு உத்தியோகம் பாக்கா. அவ பாக்காம வேற எவ பாப்பா? எல்லாரும் வாங்க. நான் முன்ன நிக்கேன்."

அத்தை அப்படித்தான். என்னைக் கேலி செய்ய அவளுக்கு மட்டும்தான் உரிமை.

முகாமை அம்மன் கோயில் வளாகத்துக்குள் இருந்த சமுதாயக் கூடத்தில் வைத்தோம். ஊரில் மின்விசிறியும் தண்ணீர்க் குழாயும் கதவுக்குத் தாழ்ப்பாளும் இருந்த பொது இடம் அது ஒன்றுதான். இரண்டு பழைய சேலைகளைத் திரையாகக் கட்டி, உள்ளே ஒரு கட்டில் போட்டோம். பத்து மணிக்கெல்லாம் பெண்கள் வந்துவிட்டார்கள். பாதிப்பேரை வீடு வீடாகப் போய் அழைத்து வந்தது அத்தை. ஆனால் அவள் மட்டும் உள்ளே வரவில்லை. கோயில் வாசலுக்கு வெளியே, குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள்.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனேன்.

"என்னத்தே, முன்ன நிக்கேன்னு சொல்லிட்டு இங்கன வந்து நிக்கிய?"

அத்தை பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "அவ இன்னிக்கு உள்ள வரக்கூடாதுல்லா! இந்த வயசுல ஒங்க அத்த கொமரி ஆயிட்டா!"

கூடத்து வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

"பட்டுக்கிட்டே இருக்கு மக்கா," என்றாள் அத்தை மெதுவாக. "இந்த மட்டம் என்னமோ..."

"அப்ப இன்னிக்குப் பாக்கக் கூடாது அத்தே. தீட்டு இருக்கும்போது பாத்தா ஒண்ணும் சரியாத் தெரியாது. நின்ன பெறவு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

"நின்ன பெறவா?"

"ஆமா. நின்னு அஞ்சு நாள் கழிச்சு."

"சரி மக்கா."

உள்ளே அடுத்த பெண் கட்டிலில் ஏறிவிட்டதாகக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். பதிவேட்டில் அத்தையின் பெயருக்கு எதிரே வயது ஐம்பத்தாறு என்று எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் 'மாதவிடாய். பிறகு வரச் சொல்லப்பட்டது' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். இரண்டையும் ஒரே வரியில் எழுதிய கை ஒரு கணம்கூட நிற்கவில்லை.

அத்தைக்கு மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. இது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் இருட்டறையில் முளைப்பாரி போடுவோம். அந்த வீட்டுக்குள் மாதவிலக்கு வரும் பெண்கள் கால் வைக்கக் கூடாது. நின்றுபோன வருடமே அத்தை அந்த வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே எனக்கு ஒரு தடங்கலும் கெடையாது. அம்மனுக்கு நாந்தான்," என்று தெருத்தெருவாகச் சொன்னாள். அவள் தண்ணீர் தெளித்து வளர்த்த முளைப்பாரியைத்தான் ஆறு கொடையாக ஊர் தலையில் சுமந்தது. அப்படிப்பட்டவள் அன்றைக்குக் கோயிலுக்கு வெளியே நின்று, பலர் கேட்க, தனக்கு ரத்தம் படுகிறது என்று என்னிடம் சொன்னாள். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

மாதவிடாயின்போது பரிசோதிக்கக் கூடாது என்ற விதி மாதாமாதம் வருகிறவர்களுக்கானது. நின்றுபோனவளுக்கு மறுபடி ரத்தம் பட்டால் முகாமும் வேண்டாம், புளித்த தண்ணீரும் வேண்டாம். அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பி, சதை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் கோயில் வாசலில் கோயில் சொன்னதும் என் பாடப்புத்தகம் சொன்னதும் ஒன்றுபோல் தெரிந்தன. உள்ளே வரக் கூடாதவள் என்று ஊர் சொன்னது. பரிசோதிக்கக் கூடாதவள் என்று நான் சொன்னேன். எந்த வயதில் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அந்த முகாமில் இரண்டு பெண்களுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. இரண்டு பேரையும் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். ஒருத்திக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. இன்னொருத்திக்குச் சிறிய சிகிச்சையோடு சரியாகிவிட்டது. பழையபடி பிச்சிப்பூ பறிக்கப் போகிறாள். என் நிலையத்தில் கைதட்டினார்கள். அந்தப் பெருமையில் தை போய் மாசி, பங்குனி போய், ஆடியும் வந்துவிட்டது.

கொடைக்கு ஊருக்குப் போனேன். அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்: "ஒங்க அத்த இந்த வருசம் முளைப்பாரி போடல. சாவியக் குடுத்துட்டா."

"ஏன்?"

"கேட்டா சொல்ல மாட்டங்கா. இடுப்பு வலிங்கா. ஆளு பாதியாப் போயிட்டா."

சாவி என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. கை கழுவாமல் ஓடினேன். தெருவெல்லாம் மேளச் சத்தம். அத்தை தன் வீட்டுப் பின்கட்டில் சுவரோரக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். உள்ளே நுழையும்போதே வாடை அடித்தது. பயிற்சியில் அந்த வாடையைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் பழைய சேலைத் துணிகள் கிழித்து, துவைத்து, வரிசையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"ஏன் அத்தே வரல? ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேம்லா?"

அத்தை என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"நீதான மக்கா சொன்ன, நின்ன பெறவு வான்னு. நிக்கவே இல்லியே."

கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவள் தொடர்ந்து பேசினாள். "இன்னிக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும்னு பாத்தேன். ஒருமட்டம் நாலு நாள் நின்னுச்சு. அஞ்சாம் நாளு, சரி, கெளம்பிருவோம்னு பஸ் ஸ்டாப்பு வர வந்தேன். அங்கனயே பட்டுருச்சு. நிக்காம வந்து நின்னா நாலு பேர் மத்தியில ஒனக்குத்தான் கொறச்சல்னு திரும்பிட்டேன்."

வெளியே குலவை போட்டார்கள். முளைப்பாரி கிளம்பிவிட்டது.

திருநெல்வேலியில் அத்தைக்குத் தண்ணீர் எதுவும் தொட்டு வைக்கத் தேவைப்படவில்லை. மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தபோது புற்று கருப்பைவாயைத் தாண்டி மூத்திரப்பை வரை போயிருந்தது.

"எவ்வளவு நாளா ரத்தம் படுதும்மா?" என்று கேட்டார் மருத்துவர்.

"இப்பத்தான் டாக்டர், ஒரு மாசமா," என்றாள் அத்தை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்தாள்.

மருத்துவர் எழுதத் தொடங்கினார். அந்த ஒரு மாதம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"தை மாசத்துல இருந்து, மேடம். முகாமுக்கு வந்தாங்க. நாந்தான் திருப்பி அனுப்புனேன்."

அவர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை என் கையைக் கிள்ளினாள். "கூறுகெட்டவளே, அத எதுக்குட்டி அங்க போயிச் சொன்ன? ஒன் வேலைக்கு ஏதும் வந்துட்டா? எத்தன வயித்தக் கட்டி ஒன்னப் படிக்க வச்சோம்."

கதிர்வீச்சு சிகிச்சை முடிந்துவிட்டது. கட்டி சுருங்கியது, போகவில்லை. இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை வேளையை நான்தான் அவளுக்குப் படம் போட்டு ஒட்டியிருக்கிறேன்: சூரியன், சோற்றுத்தட்டு, நிலா. போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அடுத்த கொடைக்கு இருப்பேனாட்டி?" நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நடந்ததை எங்கள் மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முகாம்களை இப்போது அங்கன்வாடியில் வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் உள்ளே வரலாம். ரத்தம் படுகிறது என்று ஒரு பெண் சொன்னால், அதற்கு முன்னால் எப்போது நின்றது என்று கேட்ட பிறகுதான் அடுத்த வார்த்தை பேசுகிறேன்.

பழைய பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மற்ற ஊர்களில் நடந்த முகாம்களிலும் அதே அழகான கையெழுத்து. 'மாதவிடாய். பிறகு வரச் சொல்லப்பட்டது.' அத்தையைத் தவிர ஏழு பேர். அதில் மூன்று பேருக்கு வயது ஐம்பதுக்கு மேல். மூன்று பேருமே திரும்ப வரவில்லை.

நேற்று விடுப்பு எடுத்தேன். அந்த மூன்று பேரில் முதல் ஆளின் வீடு கரிவலம்வந்தநல்லூருக்குப் போகும் வழியில். கதவைத் திறந்த பெண்மணிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முகாமை ஞாபகப்படுத்திவிட்டு, அதற்கு முன்னால் எப்போது நின்றிருந்தது என்று கேட்டேன். மகளுக்குக் கல்யாணம் ஆன வருடம் என்றார். மகளுக்கு இப்போது எட்டு வயதில் பிள்ளை இருக்கிறது. இப்பவும் படுதா என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். சேலை மாற்ற வேண்டாம், இப்படியே வாருங்கள் என்று சொல்லி, திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினோம்.