லொரெய்ன் புளூரின் வெள்ளிக் குழாய்

லொரெய்ன் புளூர் மன்னிக்கிற ரகம் இல்லை. அதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் எங்கள் ஸ்டோக் ஊரில் நிறையப் பேர். நான் சொல்ல மாட்டேன். பேருந்துப் பணிமனையில் அவளுக்கு அடுத்த பழுதுபார்க்கும் குழியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவன் நான். அவள் முறுக்கிய போல்ட் ஒன்றுகூடக் கழன்று நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளைப் போல்ட் போட மறந்தவள் என்று ஒரு வருடம் முழுக்கக் கேலி செய்தோம்.

எங்களுடையது கிட் கார் சங்கம். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை வீட்டுக் கொட்டகையில் வைத்து மூன்று குளிர்காலம் கோர்த்து, கடைசியில் ஒரு காராக்கி, அதில் நனைந்துகொண்டே போகிற பைத்தியங்கள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய விமானத் தளத்தில் எங்களுக்குப் பந்தயம். ஓடுவதற்கு முன் சத்தம் அளப்பார்கள். தொண்ணூற்றெட்டு டெசிபலைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் சைலன்சர் வாய்க்குள் துளைபோட்ட உருளை ஒன்றைச் செருகி ஒரே போல்ட்டால் பூட்டி வைப்போம். அடைப்பான் என்போம்.

மூன்று வருடம் தொடர்ந்து லொரெய்ன்தான் ஜெயித்தாள். மூன்று வருடமும் இரண்டாவதாக வந்தவன் நெவில் சால்ட், வீட்டுத் தரகன். நான்காம் வருடம் அவள் கார் நூற்று நான்கு டெசிபல் காட்டியது. குனிந்து பார்த்தால் அடைப்பானே இல்லை.

“பரவாயில்ல கண்ணு. வயசானா மறதி வரத்தானே செய்யும்?” என்று நெவில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். அன்று கோப்பை அவனுக்குப் போனது.

முந்தின நாளே கார்களைக் கொண்டுவந்து விடும் கொட்டகையில், தரையில் அந்தப் போல்ட் கிடந்தது. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகியதில் தலை மழுங்கியிருந்தது. அவளுடையது மில்லிமீட்டர் போல்ட்; நெவில் இன்னும் அங்குல அளவு ஸ்பேனர் வைத்திருப்பவன். அவள் சொல்லிப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை. பணிமனை வரை கதை வந்துவிட்டது. ‘இந்தா அடைப்பான்’ என்பதுபோல் அவளுடைய கருவிப் பெட்டிமேல் ஒயின் பாட்டில் கார்க்குகளை வைத்துவிட்டு ஓடுவது எங்களுக்குப் பொழுதுபோக்கானது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த பந்தயத்துக்கு அவள் புதிய புகைக்குழாய் செய்தாள். தடிமனான கம்பியை வளைத்து அளவெடுத்து, தானே வெட்டிப் பற்றவைத்து, பீங்கான் பூச்சுக்கு அனுப்பினாள். கண்ணாடி மாதிரி வெள்ளி நிறத்தில் பளபளவென்று வந்து இறங்கியது. மாட்ட என்னைத்தான் கூப்பிட்டாள்.

“கையுறையப் போடு மொதல்ல. வெறும் கை பட்டுச்சுன்னா உன்னக் கொன்னுடுவேன்.”

“தொட்டா என்ன, தேஞ்சா போயிடும்?”

“முதல் தடவ சூடாகுறதுக்குள்ள கைப்பிசுக்கு பட்டா அப்படியே வெந்து உள்ள இறங்கிடும். அப்புறம் எதப் போட்டுத் தேச்சாலும் போகாது. பதினாறு வயசுல பீங்கான் தட்டுக் கம்பெனில வேல பாத்தவ நான். சூளைக்குப் போறதுக்கு முன்னாடி யார் தொட்டாங்கன்னு சூளை சொல்லிடும்.”

புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிபோல்டை என்ஜினோடு பூட்டி, பக்கவாட்டில் குழாயை இழுத்து, ரப்பர்த் தாங்கிகளில் தொங்கவிட்டோம். சனிக்கிழமை காலை டிரெய்லரில் ஏற்றி விமானத் தளக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் குழாயை அவள் மூன்று முறை துடைத்தாள். அடைப்பானைச் செருகினாள். சாப்பாட்டுப் பைக்குள் இன்னொரு அடைப்பான் கிடந்தது.

“ரெண்டு எதுக்கு?” என்றேன்.

“ஒண்ணு எலிக்கு” என்றாள்.

எலி யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நேரம் அங்கே வந்த நெவில் அவளைப் பார்த்து, “ஓட்டிட்டு வரக்கூடத் தைரியம் இல்லையா கண்ணு?” என்றான். பன்றிக்கறியும் சீஸும் வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் அடை அவன் கையில். விரலெல்லாம் நெய்யாக மினுங்கியது. அவள் கொட்டகையைத் திறந்தபடியே விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அடைப்பான் இல்லை. லொரெய்ன் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். உறை போட்ட கையால் இரண்டாவதை எடுத்துப் பூட்டிவிட்டு, காரைத் தள்ளிக்கொண்டு சத்தம் அளக்கும் வரிசைக்கு வந்தாள்.

அளப்பவள் கிளெனிஸ், சங்கச் செயலாளர். முதல் முறையாக என்ஜின் உறுமியது.

“தொண்ணூத்தாறு. பாஸ்” என்றாள் கிளெனிஸ்.

லொரெய்ன் என்ஜினை நிறுத்தவில்லை. உறுமவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். குழாயின் பின்பக்கம் மெல்லப் பழுப்பேறியது. முதலில் ஒரு கட்டைவிரல். பிறகு உள்ளங்கை. பிறகு நான்கு விரல்கள், அதில் மோதிர விரல் பாதிதான். அடைப்பானைப் பிடுங்கும்போது குழாயை இறுக்கிப் பிடித்த இடது கை.

சங்கத்தில் விசிறி பெல்ட்டில் மாட்டி அரை விரலை இழந்தவன் ஒருவன்தான். நெவிலின் இடது கை பாக்கெட்டுக்குள் போனது.

அவள் என்ஜினை அணைத்தாள். “நெவில், இங்க வா. இது மேல கைய வை.”

“சூடா இருக்கு.”

“ஆறட்டும். ஒரு வருஷம் காத்திருந்தாச்சு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்க மாட்டேனா?”

மடக்கு நாற்காலியை விரித்துக் குழாய் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டாள். நாற்பது பேர் பந்தயத்தை மறந்து நின்றோம். கடைசியில் கிளெனிஸ் குழாயைத் தொட்டுப் பார்த்து, “ஆறிடுச்சு நெவில்” என்றாள்.

அவன் கையை வெளியே எடுக்கவில்லை. தன் வேனுக்கு நடந்துபோய், அடைப்பானை எடுத்துவந்து புல்மேல் வைத்தான். “ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு இருந்துச்சு” என்றான். எனக்கே பாவமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

“அந்த அடையாளத்த மட்டும் எடுத்துடு லொரெய்ன்.”

“எடுக்க வராது நெவில். அதுக்காகத்தான் இந்தப் பூச்சு.”

அன்று அவள் மூன்றாவதாகத்தான் வந்தாள். அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. நெவில் சங்கத்தை விட்டுப் போனான். அந்தக் கை அடையாளத்தோடுதான் அவள் இன்றும் காரை ஓட்டுகிறாள். கடைத்தெருவில் நிறுத்தும்போது, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி பார்த்து நிறுத்துகிறாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்தால், பணிமனையில் ஒவ்வொருவர் கருவிப் பெட்டிமேலும் கார்க்குகள். ஒவ்வொன்றிலும் தேதியும் வைத்தவர் பெயரும் மையால் எழுதியிருந்தது. என் பெட்டியில் ஏழு இருந்தன. என்னைவிட அதிகம் வாங்கினவர் யாரும் இல்லை.

“நான்தானே உனக்குக் குழாய் மாட்ட வந்தேன்” என்றேன்.

“வந்த. உறை போட்டுக்கிட்டு வந்த. கார்க்கு வைக்கும்போது போடல” என்றாள்.

ஏழும் இன்னும் என் பெட்டிமேல்தான் இருக்கின்றன. திங்கட்கிழமைதோறும் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவள் குழிக்குள் இறங்குகிறாள்.