மாலைக்குக் கீழே ஒரு சங்கிலி

“விற்கும் நகையை நீங்கள் வாங்கியபோது பெற்ற ரசீதை இணைக்கவும். அதுவரை பணம் நிறுத்திவைக்கப்படும்.” இணையக் கட்டணச் சேவையிலிருந்து திங்கட்கிழமை வந்த மின்னஞ்சல் இது. என் மேல்வீட்டு அக்கா, லைப்சிக் நகரில் படிக்கப்போகும் மகளின் அறை முற்பணத்துக்காகத் தன் பதக்கச் சங்கிலியை இணையத்தில் விற்றிருந்தார். சங்கிலி ஏற்கெனவே வாங்கியவரிடம் போய்விட்டது.

“ஊரிலை நகைப் பத்தர் எங்கடை வீட்டிலை இருந்து செய்தது. அவர் ஆருக்கு ரசீது எழுதினவர்?” என்றார் அக்கா.

சாட்சிக்குத் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை ரோசாப்பூ மாலைதான் தெரிந்தது.

“சங்கிலியைக் காணேல்லையே அக்கா?”

“மாலைக்குக் கீழை கிடக்குது தம்பி. போட்டது நான்தானே! அனுப்புங்கோ.”

‘சங்கிலி மாலைக்குக் கீழே உள்ளது’ என்று ஜெர்மன் மொழியில் எழுதி, படத்தோடு அனுப்பினேன். அக்காவை நம்பித்தான் எழுதினேன். நானாக அதைச் சரிபார்க்க இன்னும் வழி கிடைக்கவில்லை.